இத்தாலி செஞ்சது துரோகமா?

கேள்வி: ஜெர்மனி, ஆஸ்திரியாவோட முப்பது வருஷத்துக்கு மேல கூட்டணியில இருந்த இத்தாலி, முதல் உலகப்போர்ல எதிரணிக்குப் போயிடுச்சே சார், இது பச்சைத் துரோகம் இல்லையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: 1914ல நடந்தது வேற, 1915ல நடந்தது வேற சார், ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கக் கூடாது. 1914 ஆகஸ்ட்ல இத்தாலி நடுநிலைன்னு ஒதுங்கினது துரோகமே இல்ல. 1882ல மூணு பேரும் போட்ட ஒப்பந்தம் தற்காப்புக்கானது, வெளியாள் வந்து அடிச்சா உதவிக்கு வரணும், நாமளா வலியப் போய் சண்டை இழுத்தா கூட்டாளி வந்தே ஆகணும்னு கட்டாயம் கிடையாது. ஆஸ்திரியா என்ன பண்ணுச்சுன்னா ஜூலை 23ந்தேதி சாயங்காலம் செர்பியாவுக்கு 48 மணி நேரம் கெடு வச்சுது, ரோமோட முறையா ஒரு வார்த்தை கலந்து பேசல. செர்பியா இருக்கிற பால்கன் பகுதியில நிலைமையை மாத்துறதா இருந்தா முன்கூட்டி பேசி, லாபத்துல பங்கும் குடுக்கணும்னு, அதே ஒப்பந்தத்தைப் பின்னாடி புதுப்பிச்சப்போ சேர்த்த 7-வது பிரிவே இருக்கு. அதை மீறினது வியன்னாதான்.

இவங்க எந்த லட்சணத்துல கூட்டாளிங்கன்னா, 1911ல இத்தாலி லிபியாவுக்காக துருக்கியோட மோதிட்டு இருந்தப்போ, இதான் சமயம் இத்தாலியைப் போட்டுத் தள்ளிடலாம்னு ஆஸ்திரியாவோட ராணுவத் தலைமை அதிகாரி கான்ராட் வற்புறுத்தினார், அந்தத் தகராறுல பதவியே போச்சு, அடுத்த வருஷமே திரும்பவும் அதே பதவிக்கு வந்துட்டார்! போதாக்குறைக்கு இத்தாலிக்கு நிலக்கரி பெரும்பாலும் பிரிட்டன்லேர்ந்து கப்பல்ல வரணும், பிரிட்டன் கடற்படையைப் பகைச்சுக்கிட்டு அவ்ளோ நீளக் கடற்கரையை எப்படிக் காப்பாத்துறது?

ஆனா 1915ல நடந்ததை என்னால நியாயப்படுத்தவே முடியாது. பிரதமர் சலாந்திராவும் வெளியுறவு அமைச்சர் சொன்னினோவும் ரெண்டு பக்கமும் பேரம் பேசி, ஏப்ரல் 26ந்தேதி லண்டன்ல பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யாவோட ரகசிய ஒப்பந்தம் போட்டுட்டாங்க, ஒரே மாசத்துல போர்ல இறங்கணும்னு ஷரத்து. பழைய ஒப்பந்தத்தை ரத்து பண்ணினது மே மாச ஆரம்பத்துலதான், அதாவது ஒரு வாரம் இத்தாலி ரெண்டு அணியிலயும் இருந்திருக்கு!! பார்லிமெண்டுக்கு ஒண்ணும் தெரியாது. போர் வேணாம்னு சொன்ன முன்னாள் பிரதமர் ஜியோலிட்டி ரோமுக்கு வந்தப்போ, நாங்க உங்க பக்கம்னு காட்ட முன்னூறு எம்பிக்கள் அவர் வீட்டுல விசிட்டிங் கார்டு வச்சுட்டுப் போனாங்க. மெஜாரிட்டியே போர் வேணாம்னுதான் இருந்துச்சு. சலாந்திரா ராஜினாமா குடுத்தார், ராஜா ஏத்துக்கல, தெருவுல போர் கேட்டு கூச்சல், பயந்துபோன அதே பார்லிமெண்ட் போருக்கு ஆதரவா ஓட்டுப் போட்டுடுச்சு. மே 23 ஆஸ்திரியா மேல போர். துரோகம்னு சொல்றதா இருந்தா, அது சொந்த ஜனங்களுக்குப் பண்ணின துரோகம்னு சொல்வேன்.

கேள்வி: பேரம் பேசினதெல்லாம் கிடைச்சுதா? (அதே வாசகர்)

பதில்: பாதி கிடைச்சுது. ஆஸ்திரியா கையில இருந்த டிரென்டினோ, டிரியெஸ்ட், இஸ்ட்ரியா வந்துச்சு, அதுக்கு ஆறு லட்சத்துக்கு மேல சிப்பாய்ங்க செத்தாங்க, இசோன்சோ ஆத்தங்கரையில மட்டும் 11 தடவை தாக்குதல், அதே மலை அதே பாறை. ரகசிய ஒப்பந்தத்தை 1917 கடைசியில ரஷ்யாவுல ஆட்சியைப் பிடிச்ச போல்ஷெவிக்குகள் பேப்பர்லயே போட்டுட்டாங்க. நான் கையெழுத்து போடாத ஒப்பந்தம் என்னைக் கட்டுப்படுத்தாதுன்னு அமெரிக்க அதிபர் வில்சன் நின்னார், 1919 ஏப்ரல்ல பிரதமர் ஒர்லாண்டோ பாரிஸ் மாநாட்டுலேர்ந்து கோவிச்சுக்கிட்டு கிளம்பிப் போய், மறுபடி மே மாசம் திரும்பி வந்தார். இத்தாலி கேட்ட டால்மேஷியா கடற்கரையில பெரும்பகுதி யூகோஸ்லாவியாவுக்குத்தான் போச்சு.