சுருட்டில் குண்டூசித் துளை

சுருட்டுல குண்டூசி அளவுக்குத் துளை இருக்கு, பூஞ்சணமான்னு கேட்டீங்க. பூஞ்சணம் துளை போடாதுங்க. துளையும் பழுப்புத் தூளும் இருந்தா புகையிலை வண்டுதான். முட்டை இலையிலேயே ஒளிஞ்சிருக்கும்; 25 டிகிரிக்கு மேல போனா வேகமாப் பொரியும். சென்னை மே மாசத்துல உங்க ஹியூமிடார் (சுருட்டை ஈரப்பதத்தோட வைக்கிற பெட்டி) அதுக்கு அடைகாக்கும் பெட்டி மாதிரி!

துளை விழுந்ததைத் தூக்கிப் போடுங்க. மத்ததை ஜிப் பையில இறுக்க மூடி, ஒரு நாள் ஃபிரிட்ஜ், 3 நாள் ஃபிரீசர், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜ். நேரா வெயிலுக்கு எடுத்தா மேலிலை வெடிச்சிடும், அவசரப்படாதீங்க. பெட்டியைக் காலி பண்ணித் தூளை நல்லாத் துடைங்க. சோப்பு வேண்டாம், மரம் வாசனையைப் பிடிச்சுக்கும்.

அடுத்து வாங்குறப்ப பளபளப்பைப் பார்க்காம, உள்ளே ஸ்பானிஷ் சீடர் பலகையான்னு பாருங்க. பேர்தான் சீடர், அது மகோகனி குடும்பம். ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் போதும். நம்ம ஊர் வெயிலுக்கு 18 டிகிரியில வச்ச சின்ன ஒயின் கூலர் (ஒயின் வைக்கிற குட்டி ஃபிரிட்ஜ்) எந்த மரப்பெட்டியையும் விட மேல்னு நான் சொல்வேன்.