நம்பிக்கை இருக்கா?

அன்புள்ள அக்காவுக்கு,

சென்னையில் பொது சுகாதாரம் முதுகலை படிக்கிறேன். மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு நுழைவதைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது என் ஆய்வு. பரமக்குடிப் பக்கத்து ஆள் என்பதால் ராமநாதபுரம் கடற்கரையை எடுத்துக்கொண்டேன். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் என்று மூன்று வாரம் அலைந்தேன். 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'முழுமையாக ஏற்கிறேன்' முதல் 'முழுமையாக மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். ஏறக்குறைய எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'நல்லதுதானே' என்று சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர் சொல்வதை நம்புவோம் என்றவர்களே இரண்டு கேள்வி தள்ளி, டாக்டர் சொன்னால்தான் நம்புவோம் என்கிறார்கள். ஒரு பெரியவர், "செயற்கைன்னா கடல்ல சிமெண்டுப் பாறை இறக்குறாங்களே, அதுவா?" என்று கேட்டார். இந்தத் தரவு தேறாது என்கிறார் என் வழிகாட்டி. மக்களுக்கு விவரம் போதவில்லையா, நான் கேட்டது தப்பா? படிவத்தையும் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

அந்தப் பெரியவருக்கு முதலில் என் வணக்கம். மூன்று வாரத்தில் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. மீன் பெருகட்டும் என்று இந்தக் கடலில் செயற்கைப் பவளப்பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். 'செயற்கை' என்ற சொல் அவர் காதில் விழுந்தது அந்த வழியாகத்தான். உங்கள் படிவத்தின் முதல் வரியிலேயே அவரும் நீங்களும் வேறு வேறு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அவர் வாய்விட்டுக் கேட்டார். மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டார்கள்.

படிவத்தை இரண்டு முறை படித்தேன். ஏழாவது கேள்வியில் நின்றுவிட்டேன். 'மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவின் மீது எனக்கு நம்பிக்கை உள்ளது.' ஆங்கிலப் படிவத்தில் 'ட்ரஸ்ட்' என்று இருந்திருக்கும். அகராதியைப் பார்த்தால் நம்பிக்கை என்றுதான் போட்டிருக்கும், சரி. ஆனால் நம் ஊரில் அந்தச் சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று யோசியுங்கள். வட்டிக்குக் கொடுப்பவர் ஆளைப் பார்த்து வைப்பதும் நம்பிக்கை. ஏர்வாடி தர்காவில் இரவு தங்குகிறவருக்கு இருப்பதும் நம்பிக்கை. பிழைத்துவிடுவார் என்று மனசுக்குள் பிடித்துக்கொள்வதும் அதே நம்பிக்கைதான். அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் சொல் எப்படி வரும்? "டாக்டர் நம்பிக்கை இல்லைன்னு கைய விரிச்சுட்டார்." அப்படிச் சொன்னால் ஊருக்குத் தகவல் சொல்ல ஆள் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது நீங்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, நோயையும் மருத்துவத்தையும் பற்றிப் பேசிவிட்டு, "நம்பிக்கை இருக்கா?" என்று கேட்கிறீர்கள். உள்ளே கட்டிலில் மாமியார் இருமிக்கொண்டு கிடக்கிறார். எந்த மருமகள் "இல்லை" என்பாள்? வாயில் அச்சானியமாக வருமா? "இருக்கு தம்பி, இல்லாம எப்படி" என்றுதான் சொல்லியிருப்பாள். நீங்கள் அதை 'முழுமையாக ஏற்கிறேன்' கட்டத்தில் டிக் அடித்திருப்பீர்கள். அவள் சொன்னது கம்ப்யூட்டரைப் பற்றியே இல்லை.

நடுக் கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'நடுநிலை' என்று போட்டிருக்கிறீர்கள். "தெரியலையே", "யோசிக்கல", "வீட்ல அவருகிட்டக் கேளுங்க", மூன்றும் அந்த ஒரே கட்டத்துக்குள்தான் விழுந்திருக்கும். 'தெரியாது' என்று தனிக் கட்டம் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

கம்ப்யூட்டரையும் நம்புவோம், டாக்டரையும்தான் நம்புவோம் என்பதை முரண்பாடு என்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. என் சித்தப்பா நாட்டுப்படகுக்காரர். ஜி.பி.எஸ். வந்தபோது அவருடைய மனப்பான்மையை யாரும் வந்து அளக்கவில்லை. வாங்கினார், பழகினார். இன்று எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், எந்த மாதம் மீன் என்று அந்தக் கருவியில் குறித்து வைத்திருக்கிறார், சொந்த மருமகனுக்குக்கூடக் காட்டமாட்டார். ஆனால் இரவில் கரை திரும்பும்போது பாம்பன் கலங்கரை விளக்கம் கண்ணில் படும்வரை வாயே திறக்கமாட்டார். "அதான் கருவி காட்டுதே சித்தப்பா" என்றால், "அது சொல்லும், போறது நானுல்ல" என்பார். இவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

இது நம் மக்களின் விவரக்குறைவும் இல்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2022 டிசம்பரில் 11,004 பேரிடம் இதே விஷயத்தைக் கேட்டது. தன் மருத்துவர் நோயைக் கண்டறியவும் சிகிச்சை சொல்லவும் செயற்கை நுண்ணறிவை நம்பியிருந்தால் சங்கடமாக இருக்கும் என்றவர்கள் 60 சதவீதம். ஆனால் தோல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு இது வேண்டும் என்றவர்கள் 65 சதவீதம். மனநலத்துக்கு உரையாடும் செயலி என்றதும் 79 சதவீதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மொத்தமாகக் கேட்டால் ஒரு பதில், வேலையைச் சொல்லிக் கேட்டால் வேலைக்கு ஒரு பதில். நம் கரையில் போய் "காற்று நல்லதா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். வாடையா, கொண்டலா, கச்சானா என்று கேட்டால்தான் பேச்சே தொடங்கும். உங்கள் 20 கேள்விகளில் 17 'காற்று நல்லதா' வகை.

உங்கள் துறையில் பழைய கதை ஒன்று உண்டு, வகுப்பில் சொல்லியிருப்பார்கள். லாபியேர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு ஊர் ஊராகப் பயணம் செய்தார். சீனர்கள் மீது வெறுப்பு ஊறிக்கிடந்த காலம். 251 விடுதிகள், உணவகங்களில் ஏறி இறங்கியதில் இடம் மறுத்தது ஒரே ஒரு இடம். சில மாதம் கழித்து அதே இடங்களுக்கு, சீனர்களை அனுமதிப்பீர்களா என்று கடிதம் எழுதினார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் முடியாது என்றார்கள். 1934இல் இதை எழுதி வெளியிட்டார். அங்கே வாய் வேண்டாம் என்றது, கை வேண்டும் என்றது. நம்மிடம் இது தலைகீழாக நடக்கிறது. என் வீட்டிலேயே பார்த்தேன்.

பாம்பனில் என் பெரியம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் மூழ்கி மூழ்கிக் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். ஒரு கண் முகாமில் விழித்திரையைப் படம் பிடித்தார்கள். படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடும் என்றார்கள். நானும் கூட இருந்தேன். தாடையைக் கருவியில் வைத்து நெற்றியை முட்டக் கொடுக்கச் சொன்னான் பையன். "பாட்டி, ஆடாதீங்க. கண்ண மூடாதீங்க." பளிச்சென்று ஒரு வெளிச்சம். பெரியம்மா விருட்டென்று பின்னால் போய்விட்டார். திரும்ப வைத்தார். வலக்கண் படம் சரியாக விழுந்தது. இடக்கண்ணுக்கு மூன்று முறை வெளிச்சம் அடித்தும், படம் தெளிவில்லை என்றே திரையில் வந்தது. பையன் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். முழுக்க ஆங்கிலம். "பெரிய ஆஸ்பத்திரில காட்டிருங்க பாட்டி."

பெரியம்மா சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில், வெற்றிலைக்கு அடியில் வைத்தார். நாலு மாதம் அது அங்கேயே இருந்தது. மதுரை 150 கிலோமீட்டருக்கு மேல். ராமநாதபுரம் வழியாகப் பஸ்ஸில் போக வேண்டும். ஒரு நாள் வேலை போகும், துணைக்கு வருகிறவருக்கும் போகும். அங்கே போனால் எந்த வரிசையில் நிற்பது, யாரிடம் கேட்பது? அந்த நாலு மாதத்துக்குள் உங்களைப் போல ஒரு பெண் வந்து கேட்டபோது, "நல்லதுதானே தாயி, காசில்லாமப் பாக்குறாக" என்றாராம். அதுவும் உண்மைதான். கடைசியில் நான் கூட்டிக்கொண்டு போனேன். இடக்கண்ணில் புரை முற்றியிருந்தது, அதனால்தான் படம் விழவில்லை. கருவி ஒரு தப்பும் செய்யவில்லை.

தாய்லாந்திலும் இதுதான் நடந்திருக்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கக் கூகுள் உருவாக்கிய முறையை அங்கே 11 மருத்துவ மையங்களில் பயன்படுத்திப் பார்த்து, 2020இல் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தெளிவில்லை என்று முறை தள்ளிவிட்டது. இணையம் மந்தம், வரிசை நீண்டது. சீட்டு வந்தால் நோயாளி தூரத்து ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்கும் என்று சில மையங்களில் செவிலியர்களே, இதில் சேராதீர்கள் என்று நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறார்கள். இதே முறையைப் பற்றி 2016இல் வந்த ஆய்வில் துல்லியம் பிரமாதமாக இருந்தது. அதற்குக் கற்றுக்கொடுக்க 1,28,175 படங்கள் பயன்பட்டன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அதில் பங்கெடுத்திருக்கிறது. ஆக, நம் பக்கத்து மக்கள் இதற்கு வெறும் பயனாளிகளாக மட்டும் இல்லை. 'உங்கள் கண்ணின் படத்தை இதற்குக் கொடுப்பீர்களா, கொடுத்தால் யாரிடம் சொல்ல வேண்டும்' என்று உங்கள் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லையே, ஏன்?

தரவைத் தூக்கிப் போடாதீர்கள். ஏன் எல்லோரும் ஆமாம் என்றார்கள் என்பதே ஒரு அத்தியாயம். ஆனால் இரண்டாம் முறை போகும்போது படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, "கடைசியா யாருக்கு முடியாமப் போச்சு? எங்கே கூட்டிட்டுப் போனீங்க?" என்று தொடங்குங்கள். போகலாம் என்று முடிவு எடுத்தது யார், காசு யார் கொடுத்தது, துணைக்கு யார், பாதியில் விட்டது எங்கே. அந்தக் கதைக்குள் கம்ப்யூட்டரை ஓரிடத்தில் நுழைத்துப் பாருங்கள். "இந்த எக்ஸ்ரேயை மிஷினே பார்த்து காசநோய்னு சொல்லியிருந்தா அன்னைக்கு என்ன செஞ்சிருப்பீங்க?" இது கற்பனையும் இல்லை, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததுதான். அப்புறம், "தப்பாச் சொல்லியிருந்தா யாரப் போய்க் கேட்பீங்க?" இந்தக் கேள்விக்கு யாரும் 'நல்லதுதானே' என்று சொல்ல முடியாது.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், முடிந்தால் ஒரு பெண்ணை அனுப்பிப் பேசச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து அங்கே பாசி எடுப்பதே தடை என்பதால், பாசி எடுக்கிற பெண்களுக்கு நோட்டும் பேனாவுமாக வருகிற ஆளைக் கண்டாலே ஒரு தயக்கம். நீங்கள் ஆய்வு என்பீர்கள். கணக்கெடுக்கிறார்கள் என்பார்கள் அவர்கள். ஆண்களைப் பிடிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுத் தடைக்காலம்தான் தோது. வலை பின்னிக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார்கள்.

பாம்பனுக்கு வந்தால் பெரியம்மாவைப் பார்த்துவிட்டுப் போங்கள், நான் சொல்லி வைக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வராதீர்கள். பாசிக்குப் போவது மாதத்தில் 12 நாள், அதெல்லாம் அப்போதுதான். மற்ற நாளில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வாசலில் இருப்பார். இப்போது இடக்கண் நன்றாகத் தெரிகிறது, வலக்கண்ணில் மங்கல் தொடங்கியிருக்கிறது. அதற்கும் ஒரு சீட்டு வாங்கி வைத்திருக்கிறார், அதே சுருக்குப்பையில்.

அன்புடன்,
அக்கா