மாவு மில்லில் கருகிய போர்டு: 3 மி.மீ. ஏன் போதவில்லை?

கேள்வி: மாவு மில் ஒன்றுக்கு 230 வோல்ட் கண்ட்ரோல் போர்டு செய்து கொடுத்தேன். ஃபேஸ் ட்ராக்குக்கும் (போர்டின் செம்புக் கோடு) நியூட்ரலுக்கும் நடுவே 3 மி.மீ. விட்டிருந்தேன். மழைக்காலத்தில் ஒரு நாள் காலை சுவிட்சைப் போட்டதும் கருகிவிட்டது. அதே போர்டு என் பட்டறையில் இரண்டு வருடமாக ஓடுகிறது. இடைவெளி போதாதா?

பதில்: உங்கள் பட்டறைக்குப் போதும், மில்லுக்குப் போதாது. மின்காப்பு இடைவெளிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60664-1 சுற்றுப்புற அழுக்கை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. வீடு, அலுவலகம் போன்ற இடங்கள் இரண்டாம் படி. அங்கே 250 வோல்ட்டுக்கு, சாதாரண எஃப்ஆர்-4 (கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த) போர்டின் பரப்பில் 2.5 மி.மீ. போதும். ஈரம் பட்டால் மின்சாரம் கடத்தும் தூசி படிகிற இடம் மூன்றாம் படி. அங்கே 4 மி.மீ. வேண்டும்.

மாவு காய்ந்திருக்கும்வரை ஒன்றும் செய்யாது. இரவெல்லாம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகுதான் வினை. காலையில் கரண்ட் கொடுத்ததும் அந்த ஈரப் படலம் வழியே கொஞ்சம் மின்சாரம் கசியும், படலம் சூடாகும், ஏதாவது ஓர் இடம் மட்டும் முதலில் காயும். மயிரிழை அகலம்தான். ஆனால் கிட்டத்தட்ட 230 வோல்ட்டும் அந்த இழையின் மேலேயே விழுகிறது. பொறி தெறிக்கிறது, போர்டின் பிசின் அங்கே கரியாகிறது. ஈரம் காய்ந்துவிடும், கரி போகாது. அடுத்த ஈரமான காலையில் அது இன்னும் கொஞ்சம் நீளும். கருகிய போர்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வேர் கிளைத்த மாதிரி கோடுகள் தெரிந்தால் இதுதான் காரணம்.

புது போர்டில் 4 மி.மீ.க்குக் குறையாதீர்கள். இடம் இருந்தால் நான் 6 விடுவேன். இல்லையென்றால் நடுவே போர்டில் ஸ்லாட் (நீளமான துளை) வெட்டலாம், ஆனால் அகலம் 1.5 மி.மீ.யாவது இருக்கட்டும். குறுகலாக இருந்தால் அழுக்கே அதன் மேல் பாலம் கட்டிவிடும்.

அப்புறம் ஆப்டோகப்ளர், அதாவது இரண்டு பக்கங்களுக்கு நடுவே சிக்னலை ஒளியால் கடத்தும் சில்லு. இதை அவசியம் பாருங்கள், ஆள் உயிர் சம்பந்தப்பட்டது. கை படும் பக்கத்தை 230 வோல்ட்டிலிருந்து பிரிக்க இரட்டிப்புத் தூரம், அதாவது 8 மி.மீ. வேண்டும். சாதாரண டிப் வகையின் கால் வரிசைகளுக்கு நடுவே 7.62 மி.மீ.தான், பேடுகள் (கால்களைப் பற்றவைக்கும் செம்புத் திட்டுகள்) அதிலும் கொஞ்சம் தின்றுவிடும். கால் விரித்த 10.16 மி.மீ. வகையை வாங்குங்கள்.

வார்னிஷ் பூசுவது நல்லதுதான், அதற்கு முன் ஃப்ளக்ஸை (சால்டர் செய்யும்போது பூசும் பசை) முழுக்கக் கழுவுங்கள். அடியில் தங்கிய ஃப்ளக்ஸ் ஈரத்தை இழுக்கும். பெட்டியில் கேபிள் கிளாண்ட் (கேபிள் நுழையும் வாய்) கீழ்ப்பக்கமாக இருக்கட்டும்.

பழைய போர்டைச் சுரண்டித் துடைத்து மறுபடி மாட்டாதீர்கள். கரி பிசினுக்குள் இறங்கியிருக்கும்.