சிங்கக்குட்டியைத் தூக்கும் நிகழ்ச்சி இருந்தால் அந்தப் பயணம் வேண்டாம்

கேள்வி: நான், கணவர், 16 வயது மகள் மூவரும் ஆகஸ்டில் நமீபியா, போட்ஸ்வானா போக இருக்கிறோம். 12 பேர் கொண்ட சிறு குழு, 14 நாள். விசாரித்த மூன்று நிறுவனங்களும் ‘பொறுப்பான சுற்றுலா’ என்றே சொல்கின்றன. எதை நம்புவது? ஒரு நிறுவனம் ஜோகன்னஸ்பர்க் அருகே சிங்கக்குட்டிகளைத் தூக்கிப் படம் எடுக்க ஏற்பாடு உண்டு என்கிறது. மகளுக்கு அதில் ரொம்ப ஆசை. கிராமத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய், பேனா கொண்டுபோகலாமா?

பதில்: மூன்றில் ஒன்றை இப்போதே கழித்துவிடலாம். குட்டியைத் தூக்குவது, சிங்கத்தோடு நடப்பது, யானை சவாரி என எது பட்டியலில் இருந்தாலும் அந்த நிறுவனம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் இப்படிப்பட்ட பண்ணைகள் பலவற்றில், பிறந்த சில நாட்களிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். தாய் சீக்கிரம் மறுபடி ஈன வேண்டும், குட்டியும் மனிதர் கைக்குப் பழக வேண்டும் என்பதுதான் காரணம். நாளின் பெரும்பகுதி தூங்கவேண்டிய குட்டியை, ஆள் வரவர எழுப்பி மடியில் வைப்பார்கள். ‘தாய் இல்லாத குட்டி, வளர்ந்ததும் காட்டில் விடுவோம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். மனிதர் கையில் வளர்ந்த சிங்கம் காட்டுக்குத் திரும்புவதில்லை. வளர்ந்தபின் வேலிக்குள் வைத்துக் காசுக்குச் சுடப்பட்டவையும், எலும்பு வியாபாரத்துக்குப் போனவையும் ஏராளம். மகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.

அவளுக்குக் காட்ட வேறொன்று இருக்கிறது. நமீபியாவில் எட்டோஷா தேசியப் பூங்காவின் ஒகாக்குவேயோ முகாமில் ஒரு நீர்க்குட்டை, இரவெல்லாம் விளக்கு எரியும். தாழ்ந்த சுவருக்கு இப்பால் பேசாமல் உட்கார்ந்திருங்கள். கறுப்புக் காண்டாமிருகம் இருட்டிலிருந்து வந்து தண்ணீர் உறிஞ்சும் சத்தம் காதில் விழும். அதை யாரும் பிடித்து வந்து நிறுத்தவில்லை, தாகத்துக்குத் தானாக வந்தது.

சரி, மீதி இரண்டு நிறுவனங்களுக்கு வருவோம். குழு சிறியது என்பதாலேயே பயணம் நல்லதாகிவிடாது. 12 பேரும் வெளியூர் முதலாளியின் விடுதியில் தங்கி, வெளியூர் வழிகாட்டியோடு சுற்றிவிட்டு வந்தால் அந்த ஊர்க்காரர் கைக்கு ஒன்றும் போகாது. அதனால் இப்படிக் கேளுங்கள்: ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறோம், அந்த இடம் யாருடையது?

நமீபியாவில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும். 1996-இல் வந்த சட்டத் திருத்தம், பொது நிலத்தில் வாழும் மக்கள் ‘கன்சர்வன்சி’ என்ற அமைப்பாகச் சேர்ந்து, தங்கள் பகுதியின் காட்டு விலங்குகள் மூலமும் சுற்றுலா மூலமும் வருமானம் பெற வழி செய்தது. இன்று 86 கன்சர்வன்சிகள் இருக்கின்றன. க்ரூட்பெர்க் லாட்ஜ் முழுக்கவே உள்ளூர் கன்சர்வன்சிக்குச் சொந்தம். டாமராலேண்ட் முகாம் டோரா கன்சர்வன்சியோடு கூட்டாக நடப்பது. யானை வந்து தண்ணீர்த் தொட்டியை உடைத்தாலும், சிங்கம் ஆட்டை அடித்தாலும் நஷ்டம் அந்த மக்களுக்குத்தான். விலங்கு உயிரோடு இருப்பதால் வரும் காசும் அவர்களுக்குத்தானே போய்ச்சேர வேண்டும்? இடத்தின் பெயரைச் சொல்லாமல் ‘சமூகத்துக்கு உதவுகிறோம்’ என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆற்றுச் சதுப்புநிலத்தில் மொகோரோ என்ற ஒடுக்கமான படகில் போவீர்கள். பின்னால் நின்று கழி ஊன்றுகிறவருக்கு வழி மட்டுமல்ல, நாணலுக்குள் நீர்யானை எங்கே கிடக்கும் என்பதும் தெரியும். அவர் அந்த ஊர் அறக்கட்டளையைச் சேர்ந்தவரா, கூலி கட்டணத்திலேயே அடக்கமா என்று கேளுங்கள். முன்பு பெரிய மரங்களைக் குடைந்து செய்த படகு இது. இப்போது பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுதான். அழகு குறைச்சல் என்று வருந்தவேண்டாம், அதனால் மரங்கள் பிழைத்தன.

மிட்டாயும் பேனாவும் வேண்டாம். வண்டியைக் கண்டதும் பிள்ளைகள் பள்ளியை விட்டுச் சாலைக்கு ஓடிவரப் பழகிவிடுவார்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், என்ன தேவை என்று வழிகாட்டி மூலம் தலைமை ஆசிரியரிடம் கேட்டு அவர் கையில் கொடுங்கள். நமீபியாவின் வடமேற்கில் வாழும் ஹிம்பா பழங்குடிப் பெண்களைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள், தலையசைத்து மறுத்தால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் நமீபியாதான் மிக வறண்டது, குளியலைச் சுருக்கமாக முடியுங்கள். பாலைவனத்தில் ஓட்டுநர் பாதையை விட்டு இறங்கினால் தடுங்கள். சரளை மண்ணில் பதிந்த டயர் தடம் பல பத்தாண்டுகள் அழியாது.

கிளம்புமுன் மூவருடைய கைபேசியிலும் கேமராவின் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். காண்டாமிருகத்தின் படத்தோடு அது நின்ற இடமும் பதிவானால், கொம்புக்காக வேட்டையாடுகிறவனுக்கு வழி சொன்னதாகிவிடும்.