தோப்பை விற்க வேண்டாம், மகள் பிசியோதெரபி படிக்கட்டும்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். மகள் தடை தாண்டும் ஓட்டத்தில் மாநிலப் போட்டி வரை போனவள். பிளஸ் ஒன் படிக்கும்போது முழங்கால் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. இனி ஓடப் போவதில்லை, ஸ்போர்ட்ஸ் பிசியோ ஆகிறேன் என்கிறாள். தனியார் கல்லூரியில் விடுதியோடு வருடம் 1.5 லட்சம். அரை ஏக்கரை விற்கலாமா, நகையை அடகு வைக்கலாமா? 2015-ல் தொடங்கிய செல்வமகள் கணக்கில் 3.2 லட்சம் இருக்கிறது.

பதில்: இரண்டுமே வேண்டாம் ஐயா. நகைக்கடனைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் அடைக்க வேண்டும். நாலு வருடத்துக்கு மேல் ஓடும் படிப்புக்கு அது ஒத்துவராது. நிலம் போனால் திரும்ப வாங்குவது கடினம்.

முதலில் வருமானத்தைப் பார்ப்போம். பிசியோதெரபி இளநிலைப் பட்டமான பிபிடி முடித்ததும் யாரும் ஸ்போர்ட்ஸ் பிசியோ ஆகிவிடுவதில்லை. அந்தச் சிறப்புப் பிரிவு, அடுத்த இரண்டு வருட முதுநிலைப் படிப்பான எம்பிடியில்தான். அதுவரை மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களின் இடுப்புவலி, இவைதான் அன்றாட வேலையாக இருக்கும். தொடக்கச் சம்பளம் 18,000 என்று வைத்தே கணக்குப் போடுங்கள். அணியோடு பயணம் போகும் பிசியோவின் சம்பளத்தை மனதில் வைத்துக் கடன் வாங்கினால் வீடு தாங்காது.

ஆனாலும் இந்தப் படிப்பு உங்கள் மகளுக்குப் பொருத்தமானது என்றே நினைக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு காலை மடக்கவே பயப்படும் ஒரு பையனிடம் என்ன பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எந்தக் கல்லூரியிலும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

சரி, நாலு வருடத்துக்கு மொத்தச் செலவு 6 லட்சம். செல்வமகள் கணக்கில், முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை படிப்புக்கு எடுக்கலாம். மொத்தமாக எடுக்காமல் வருடத்துக்கு ஒரு தவணையாகவும் எடுக்கலாம். வருடம் 40,000 எடுங்கள், மீதி வரியில்லா வட்டியோடு வளரட்டும். கல்விக்கடன் வருடம் 1 லட்சம், மொத்தம் 4 லட்சம். அந்த வரம்புக்குள் பொதுவாக அடமானமும் கேட்க மாட்டார்கள், நம் பங்காகப் பணம் போடவும் சொல்ல மாட்டார்கள். வருடத்துக்கு மீதி 10,000-ஐ மாங்காய்க் குத்தகைப் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பலர் கோட்டைவிடுவது படிக்கும் கால வட்டியில்தான். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 10 சதவீத வட்டி, ஆறு மாத இன்டர்ன்ஷிப் என்று வைத்தால், அதற்குள் சேரும் வட்டி சுமார் 1.6 லட்சம். அது அசலோடு சேர்ந்தால் பத்து வருடத்துக்கு மாதத் தவணை 7,400. 18,000 சம்பளத்தில் அது மூச்சுமுட்டும். வட்டியை அப்போதைக்கப்போது கட்டிவிட்டால் தவணை 5,300-க்குள் அடங்கும். முதல் வருடம் 10,000, நாலாம் வருடம் 40,000 என்று வட்டி ஏறும். மாம்பழ சீசன் பணம் கையில் வந்ததும் முதலில் இதைக் கட்டுங்கள். 2025-ல் பெங்களூரா மாங்காய் விலை விழுந்ததைப் பார்த்தீர்கள். அப்படி ஒரு வருடம் வந்தால் முடிந்ததை மட்டும் கட்டுங்கள், வெளியே கைமாற்று வாங்கிக் கட்ட வேண்டாம்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால், இந்த வட்டியையே மத்திய அரசு ஏற்கும் மானியம் உண்டு. கல்லூரிக்கும் நிபந்தனைகள் இருப்பதால் சேரும் முன்பே வங்கியில் கேளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும்.

திருச்சி, சென்னை அரசு இடங்களுக்கும் கலந்தாய்வில் முயன்று பாருங்கள். கிடைத்தால் மேலே போட்ட கணக்கில் பெரும்பகுதி தேவைப்படாது. தனியார்தான் என்றால், கல்லூரிக்கென்று சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அங்கே எலும்பு சிகிச்சைப் பிரிவில் தினமும் நோயாளிகள் வருகிறார்களா என்று மகளோடு நேரில் போய்ப் பாருங்கள். எம்பிடிக்கு இப்போதே கடன் யோசிக்க வேண்டாம். இரண்டு வருடம் வேலை பார்த்து, தன் சம்பளத்திலிருந்து ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டு அவரே போகட்டும்.