கயிறு யாருடைய குடல்?

கேள்வி: வயது 61, ஓய்வுபெற்ற ஆசிரியர். என் கையெழுத்தைப் போலியாகப் போட்டு, அப்பாவின் இரண்டு ஏக்கர் நிலத்தைத் தம்பி தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான் தெரிந்தது. நான் படித்த எல்லா நாட்டுக் கதைகளிலும் துரோகிக்குத் தண்டனை உண்டு. ரோமின் கோட்டையைக் காட்டிக்கொடுத்த டார்ப்பியா கேடயங்களுக்கு அடியில் நசுங்கிச் செத்தாள். பிரெஞ்சுக் காவிய வீரன் ரோலாண்டைக் காட்டிக்கொடுத்த கானலோனை நான்கு குதிரைகளில் கட்டி இழுத்தார்கள். வட ஐரோப்பியப் புராணத்தில் வஞ்சகன் லோக்கியைப் பாறையில் கட்டிப்போட்டார்கள். என் தம்பியோ கார் வாங்கியிருக்கிறான். அவன் மகளுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னேன். அந்த வரன் தட்டிப்போனது. அது வேறு விஷயம். அவளுக்கு இது தெரியாது. பொங்கலுக்குக்கூட ‘பெரியப்பா’ என்று போன் செய்தாள். அவனுக்குத் தண்டனை எப்போது?

பதில்: அது வேறு விஷயம் இல்லை ஐயா. உங்கள் கடிதத்தில் விஷயமே அதுதான்.

லோக்கியைக் கட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எதைக் கொண்டு கட்டினார்கள்? 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் புலவர் ஸ்னோரி எழுதிவைத்ததை இன்னொரு முறை படியுங்கள். பால்டர் என்ற தேவனின் சாவுக்குக் காரணமான லோக்கியைப் பிடித்த தேவர்கள், அவன் பிள்ளைகளையும் பிடித்துவந்தார்கள். ஒரு மகனை ஓநாயாக மாற்றினார்கள். அந்த ஓநாய் தன் உடன்பிறந்த நார்வியைக் கிழித்துப் போட்டது. நார்வியின் குடலை எடுத்துத்தான் தகப்பனை மூன்று பாறைகளோடு கட்டினார்கள். அந்தக் கட்டு இரும்பாக இறுகியது. தலைக்கு மேலே ஒரு பாம்பு. அதன் விஷம் கணவன் முகத்தில் விழாமல் சிகின் கிண்ணம் ஏந்தி நிற்கிறாள். அவள் என்ன துரோகம் செய்தாள்? நார்வி என்ன செய்தான்? இவ்வளவு செய்தும் லோக்கி அடங்கவில்லை. உலகம் முடியும் நாளில் கட்டை அறுத்துக்கொண்டு, தேவர்களின் எதிரிகளோடு சேர்ந்து வருகிறான்.

கானலோன் கதையிலும் நான்கு குதிரைகள் மட்டும் உங்கள் நினைவில் நின்றிருக்கின்றன. அவனுக்குப் பிணை நின்ற உறவினர் முப்பது பேரைத் தூக்கில் போட்டது நிற்கவில்லை.

தம்பிக்குத் தண்டனை எப்போது என்று என்னைக் கேட்கிறீர்கள். ஆனால் அதை நீங்களே கொடுத்தாகிவிட்டது, அவன் மகளை அறுத்து. கேட்டார்கள், உண்மையைச் சொன்னேன் என்பீர்கள். அவர்கள் விசாரிக்க வந்தது பெண்ணைப் பற்றி. போலிக் கையெழுத்து போட்டவள் அவளா? அவள் குணம் உங்களுக்குத் தெரியாதா? பெரியப்பா என்றால் பாதித் தகப்பன். தகப்பன் தவறினால் அந்தப் பிள்ளைக்கு முன்னால் நிற்க வேண்டியவர் நீங்கள். அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் வழக்கு இருக்கட்டும், கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் மேல் அதைத் தீர்ப்பது துரோகம்தான். இதை வேறு பெயரில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தம்பியை மன்னிக்கச் சொல்லவில்லை. அவன் செய்தது குற்றம், வழக்குப் போடுங்கள். பத்திரத்தை ரத்து செய்யக் கோர, விவரம் தெரிந்த நாளிலிருந்து பொதுவாக 3 ஆண்டுதான் காலக்கெடு; இரண்டைப் புலம்பியே கழித்துவிட்டீர்கள். இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போங்கள். நிலத் தகராறு எங்கள் இருவருக்குள், பெண் தங்கமானவள் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அவர்கள் வேறு இடம் பார்த்திருந்தாலும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு அவளைப் பாருங்கள். வரன் கலைந்தது உங்களால்தான் என்று ஊரார் சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. நீங்களே நேரில் சொல்லுங்கள், போனில் வேண்டாம்.