பழைய வீட்டை விற்கும் முன் பெயிண்ட் அடித்தால் நல்ல விலை கிடைக்குமா?

அடிக்கலாம். ஓதம் ஏறிய சுவரை மறைப்பதற்காக மட்டும் அடிக்காதீர்கள். நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் அப்பா அம்மா இருந்த வீடாகத்தான் இருக்கும். நீங்கள் வெளியூரில் இருப்பீர்கள், "ரெண்டு கோட் அடிச்சுட்டா ரெண்டு லட்சம் சேர்த்துக் கேட்கலாம்" என்று புரோக்கர் சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

தர்மபுரி குமாரசாமிப்பேட்டையில் எங்கள் வீடு. அம்மா போன பிறகு ஒன்றரை வருடம் பூட்டியே கிடந்தது. சமையலறையின் வடக்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்துப் பொரிந்திருந்தது. மாடியிலிருந்து இறங்கும் குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது, அது கசிகிறது என்று எனக்குத் தெரியும். சுவரை உடைக்க மனம் வரவில்லை. மேலே பட்டி பார்த்து, வீடு முழுக்க க்ரீம் கலர் அடித்தேன். செலவு 38,000 ரூபாய். போதாததற்கு அம்மாவின் அரிசி டிரம்மை நகர்த்தி அந்தச் சுவரை ஒட்டி வைத்தேன்.

பத்து நாள் கழித்து பென்னாகரம் பக்கத்திலிருந்து கணவனும் மனைவியும் வந்தார்கள். இருவரும் ஆசிரியர்கள். அவருக்கு வீடு பிடித்துவிட்டது, மாடியைக்கூடப் பார்த்து முடித்துவிட்டார். அந்தம்மா சமையலறையிலேயே நின்றிருந்தார். "அரிசி டிரம் ஏன்ணா இந்த மூலையில இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அதைக் கொஞ்சம் தள்ளிவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். புது பெயிண்ட் அப்பளம் போல உப்பியிருந்தது. அழுத்தியதும் உடைந்தது. கை முழுக்க வெள்ளை மாவு. ஒரு வார்த்தை பேசவில்லை, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் கணவர்தான் கேட்டார், "வேற எங்கெல்லாம் இப்படி அடிச்சிருக்கீங்க சார்?"

வேறு எங்கும் இல்லை என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவர்கள் நம்பவில்லை. போர் 480 அடி என்றேன், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்திரத்தை நீட்டினேன், வாங்கிப் பிரிக்கக்கூட இல்லை.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். சுவரை உடைத்துக் குழாய் ஜாயின்ட்டை மாற்றினோம். பொரிந்த பூச்சை செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு, ஏப்ரல், மே இரண்டு மாதமும் காயவிட்டேன். மொத்தம் 11,000 ரூபாய்தான் ஆனது. ஈரம் உள்ளே இருக்கும்போது மேலே பட்டியும் பெயிண்டும் போட்டால் அது வெளியேற வழியில்லாமல் உப்போடு சேர்த்துப் பெயிண்டைத் தள்ளிவிடும். முழுதாகக் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும். நான் பூசவே இல்லை. அடுத்து வந்தவர்களுக்கு அந்தச் செங்கல் சுவரைத்தான் முதலில் காட்டினேன்.

"வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம், நீங்கள் ஏமாளி" என்று சிலர் இங்கே எழுதுவார்கள். நான் பெயிண்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒட்டடை அடியுங்கள், குழாயில் படிந்த உப்புக்கறையை எலுமிச்சை போட்டுத் தேயுங்கள், பியூஸான பல்பை மாற்றுங்கள். ஆனால் வாங்குகிறவர் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என்று விலைக்கு மேல் எடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர். அவர் பார்ப்பது கலரை அல்ல. பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றில் என்ன வருகிறது, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்றுதான் பார்ப்பார். எங்கள் வீட்டுப் பட்டா அப்பா பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்த அலைச்சலைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

இன்னொன்று தண்ணீர். வீடு பார்க்க வந்தவர்களில் ஓசூரிலிருந்து வந்த ஒருவர், "இந்த ஊர் தண்ணி குடிச்சா பல்லு கறையாயிடுமாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கேள்வி நியாயமானதுதான், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் அக்காவைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடத்தில் பல்லைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்ப வரவில்லை. இன்றைக்கும் அவள் சிரித்தால் தலைப்பு வாய்க்குப் போய்விடும். பல் முளைக்கும் வயதில் ஃபுளோரைடு கூடுதலாக இருந்த தண்ணீரைக் குடித்ததால் வந்தது அது, அவள் தேய்க்காமல் வந்ததில்லை. அந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. எங்கள் தலைமுறைக்கு அது பிந்திவிட்டது. வெளியூர்க்காரர்களிடம் நாங்கள் பட்ட பேச்சுக்கு யாரும் வருத்தம் தெரிவித்ததில்லை. சரி, கேள்வியை விட்டு எங்கோ போய்விட்டேன்.

அந்த ஓசூர்க்காரர் போன மறுநாளே போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தேன். லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் ஃபுளோரைடு என்று வந்தது, 1.5க்கு மேல் இருக்கக் கூடாது. கடைசியாக வீட்டை வாங்கியவர்களிடம், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய், போர் தண்ணீர் புழங்க மட்டும் என்று சொன்னேன். நான் நினைத்த விலையைவிட ஒரு லட்சம் குறைத்துத்தான் முடித்தார்கள். பத்திரப்பதிவு அன்று அந்த ஆய்வுத் தாளையும் தாய்ப்பத்திரத்தோடு சேர்த்தே அவர்கள் கையில் கொடுத்தேன்.